கறுப்பு மனிதமீனும் தவக்காலச் சாசேஜும்

மார்ச் 8, செவ்வாய்

முட்டை பதினொன்று. பன்னிரண்டாவது கோழி சாம்பல் புதனிலிருந்து முட்டையிடவில்லை. என்னைவிடக் கடுமையாகத் தவக்காலம் காக்கிறது.

மகளிர் தினம் என்று மேயர் ஸ்டாங்கோ வீடு வீடாக ஒற்றைக் கார்னேஷன் பூவோடு வந்தார். என்னிடம் பூவைத் தந்து, "நேஷா அக்கா, உங்க கொல்லை உலகத்துலயே முக்கியமான கொல்லை ஆயிடுச்சு" என்றார். கொல்லையில் இருப்பது ஓர் ஊற்று. இரண்டு மாவு பிசையும் தொட்டி அளவு. மழை பெய்து தண்ணீர் பொங்கினால் பாறைக்கு அடியிலிருந்து கறுப்பு மனிதமீன் மேலே வரும். ஊர்ப் பெயர்தான் மீன், சாதி சாலமாண்டர், பல்லி மாதிரி ஒரு நீர்ப்பிராணி. மற்ற ஊர்க் குகைகளில் இருப்பது வெளிறிய மனிதத் தோல் நிறம், அதனால் அந்தப் பெயர். நம்முடையது கறுப்பு. இங்கே சுற்றி நாலைந்து ஊற்றில் தவிர வேறெங்கும் இல்லையாம்.

ஐரோப்பியப் பணத்தில் ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு நட்டிருக்கிறார்கள். மூன்று மீட்டர் உயரம். அதில் மனிதமீன் படம் விரல் நீளம், ஸ்டாங்கோ படம் முழங்கை நீளம். என் கணவர் யுரே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அழியற இனம் எதுன்னு தெளிவாப் போடலியே" என்றார்.

மார்ச் 18, வெள்ளி

நாள் முழுக்க மழை. தலைநகரிலிருந்து ஆராய்ச்சிக்காரப் பெண் போலோனா வந்தாள். கையுறை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், ஆறு பாட்டில். ஊற்றில் நீர் எடுத்தாள். வெளியே வடிகட்ட முடியவில்லை, மழை. "அம்மா, உங்க அடுப்படி மேசை கொஞ்சம் தருவீங்களா?" என்றாள். எடுத்துக்கொள் என்றேன். கைப்பம்பை அழுத்தி அழுத்தி, சல்லடை போன்ற ஒரு வட்டத் தாளில் தண்ணீரை இறக்கினாள்.

எதற்கு என்று கேட்டேன். தண்ணீரில் இருப்பவர்கள், தண்ணீருக்கு வந்துபோகிறவர்கள் எல்லாரும் தோல் செதிள், எச்சில், கழிவு என்று எதையாவது விட்டுவிட்டுத்தான் போகிறார்களாம். அதிலுள்ள மரபணுவைப் படித்தால் யார் யார் என்று தெரிந்துவிடும். பிராணியைப் பிடிக்கவே வேண்டாம். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் நடமாடும் நூலக வண்டியில் வந்த மரபணுப் புத்தகத்தை இரண்டு முறை படித்திருக்கிறேன். இரண்டாம் முறை கொஞ்சம் புரிந்தது.

போன வருடம் பதினாலு கறுப்பு மனிதமீன்களின் தோலைப் பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்துப் போனாளே, அதன் கணக்கு வந்துவிட்டதாம். எல்லாம் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு. பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை. வெளியிலிருந்து புது இரத்தம் வந்து பல ஆயிரம் வருடம் ஆகிறது.

நோயாளிகளைப் பார்த்துவிட்டு நனைந்து வந்த எங்கள் கோயில் பங்குச் சாமி கிளெமென் அடுப்போரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "என் பங்குல இருந்தா ஒண்ணுக்கும் கல்யாணம் பண்ணி வைக்க முடியாது. ஒவ்வொண்ணுக்கும் மறைமாவட்ட ஆயர்கிட்ட அனுமதி வாங்கணும்" என்றார்.

யுரே விடவில்லை. "தவக்கால வெள்ளியில இறைச்சிதானே கூடாது. இதுக்கு மீன்னு பேரு இருக்கே, சாப்பிடலாமா சாமி?"

"சாப்பிட்டா ஜெயில்" என்றாள் போலோனா.

"ஜெயில்ல வெள்ளிக்கிழமை என்ன போடுவாங்களோ" என்றார் சாமி.

எல்லாரும் இங்கேயே சாப்பிட்டார்கள். பீன்ஸ் சூப், பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டி அவித்த மாவு. சாமி மூன்று தட்டு. போலோனா போகும்போது ஒன்று சொன்னாள்: இந்தப் பிராணி உணவில்லாமல் வருடக்கணக்கில் இருக்குமாம். கண் குண்டூசி முனை அளவு. இருட்டில், பசியில், ஒரு முணுமுணுப்பு இல்லாமல். நாமோ நாற்பது நாளைக்கு நாட்காட்டியைப் பார்க்கிறோம்.

ஏப்ரல் 16, சனி

நாளை ஈஸ்டர். பண்டிகை உணவுக் கூடையைக் கோயிலுக்கு மந்திரிக்கக் கொண்டுபோனோம். மேயர் வீட்டுக் கூடையில் மனிதமீன் உருவத்தில் ரொட்டி, சாக்லேட் பூசியது. அதற்கும் தீர்த்தம் பட்டது. செய்தித்தாள்காரர் படம் எடுத்தார். எங்கள் ஹாமை, வீட்டில் புகை போட்ட பன்றித்தொடையை, யாரும் படம் எடுக்கவில்லை.

மே 12, வியாழன்

தீயணைப்புக் கூடத்தில் கூட்டம். ஊர் முழுக்க இருந்தது, ஏனென்றால் கடைசியில் பீர் உண்டு. இயற்கைக் காப்பு அலுவலகத்து அம்மா ஒருவர் முதல் வரிசையில்.

போலோனா தண்ணீரின் கணக்கை வாசித்தாள். கறுப்பு மனிதமீன் உண்டு, ஆனால் கொஞ்சம். டிரவுட் மீன். நாய். கோழி. மனிதர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாத்தையும்விட அதிகமா இருக்கறது, பன்றி" என்றாள்.

ஊற்றுக்கு மேலே சரிவு. சரிவுக்கு மேலே ஸ்டாங்கோவின் கொட்டில், எழுநூறு பன்றி. அதன் கழிவை டேங்கரில் ஏற்றி வசந்தத்திலும் இலையுதிர்விலும் சரிவு முழுக்க அடிப்பார்கள். கீழே சுண்ணாம்புப் பாறை, சல்லடை மாதிரி. மேலே ஊற்றியது எங்கே போகும் என்று இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பின்வரிசையிலிருந்து கிழவர் டூஷான், பழைய கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், கோயில் வாசல் மிதிக்காதவர், "பன்னி எப்ப நீச்சல் கத்துக்கிச்சு, ஸ்டாங்கோ?" என்றார்.

அலுவலகத்து அம்மா சொன்னார்: பன்றி உறுதியானால் சரிவு முழுவதும் காப்புப் பகுதி, ஒரு சொட்டுக் கழிவு அடிக்கக்கூடாது. இந்தக் கறுப்பு இனம் இங்கே செத்தால் கொண்டுவந்து விட வேறு இடத்தில் இல்லை.

"பக்கத்துக் குகையில வெள்ளை நிறைய இருக்கே, அதுல பத்து கொண்டாந்து விட்டா?" என்றார் ஸ்டாங்கோ.

"கலந்துபோனா கறுப்புன்னு ஒண்ணு மிஞ்சாது" என்றாள் போலோனா.

ஸ்டாங்கோ எழுந்தார். சிரித்துக்கொண்டே. "அம்மணி, நீங்க அந்தத் தண்ணிய எங்க வச்சு வடிகட்டினீங்க?" நேஷா அம்மாவின் மேசையில் என்றாள் போலோனா. "நேஷா அக்கா மேசையிலயா! அந்த வீட்டுச் சாசேஜைச் சாப்பிடாம யாராவது எழுந்து போயிருக்காங்களா? உங்க பாட்டில்ல இருக்கறது என் பன்றி இல்ல. நேஷா அக்கா சாசேஜு!"

கூடம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. யுரேயும் சிரித்தார். கலப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சுத்தத் தண்ணீர் பாட்டில் ஒன்று வைத்திருந்தாளாம் போலோனா. அதை மேசையில் அல்ல, காரிலேயே வடிகட்டிவிட்டாளாம். அதனால் பன்றி ஊற்றிலிருந்து வந்ததா, மேசையிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாதாம். என் தப்புதான் என்று ஒப்புக்கொண்டாள், முகம் சிவந்து. மறுபடி எடுக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, அந்தப் பணம் போர்டுக்குப் போய்விட்டது என்றார்கள். ஜூனில் திட்டமே முடிகிறது. அதற்குள் தீரவில்லை என்றால் சரிவு இப்படியேதான்.

நான் வாயைத் திறந்தேன். பீர் வந்துவிட்டது.

மே 13, வெள்ளி

தூக்கமில்லை. கோபம் கோபமாக வருகிறது. அவள் வடிகட்டிய நாள் வெள்ளிக்கிழமை! தவக்கால வெள்ளி! சுத்தபோசன நாளில் என் வீட்டில் இறைச்சி வாசனைகூட வராது, கத்தியைக்கூடத் தனியாக எடுத்து வைப்பேன். இந்த முப்பத்தெட்டு வருசத்தில் ஒரு வெள்ளி, ஒரே ஒரு வெள்ளி இறைச்சி இருந்ததென்று எவனாவது சொல்லட்டும் பார்க்கலாம்.

யுரேயிடம் கத்தினேன். "சிரிச்சியே, அன்னைக்கு நீ என்ன தின்ன?"

"பீன்ஸு."

"அப்புறம் என்னத்துக்குச் சிரிச்ச?"

"எல்லாரும் சிரிச்சாங்க." பிறகு மெதுவாக, "காப்புப் பகுதின்னா நம்ம சோளக்கொல்லை பாதியும் உள்ளதான் வரும் நேஷா. பேசாம இரு" என்றார்.

கடையில் டூஷான் ரொட்டி வாங்க நின்றார். "நேஷா, உன் சாசேஜு தண்ணிக்கடியில எட்டு கிலோமீட்டர் போகுதாமே, ஏற்றுமதியா?" வீட்டுக்கு வந்து ஜெபமாலை. மூன்றாவது பத்து மணியைத் தள்ளும்போதே மறுபடி சாசேஜ் நினைப்பு.

மே 20, வெள்ளி

ஸ்டாங்கோ வந்தார். தன் திராட்சைத் தோட்டத்துச் சிவப்பு ஒயின் இரண்டு பாட்டில், தட்டச்சு செய்த ஒரு தாள்.

"ஒரு கையெழுத்து அக்கா. 'மார்ச் 18 அன்று என் வீட்டு மேசையில் சாசேஜ் பரிமாறினேன்.' அவ்வளவுதான். உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. சாசேஜ் நல்லா இருந்துச்சுன்னுகூடச் சேத்துப்போம்."

"பரிமாறலையே ஸ்டாங்கோ."

"எப்பவும் பரிமாறுவீங்கதானே? அன்னைக்கு மட்டும் என்ன?"

இந்த மனிதர் ஞாயிறு தோறும் முதல் பெஞ்சில் உட்காருகிறார். மார்ச் 18 என்று அவர் கையாலேயே அடித்திருக்கிறார், அது என்ன கிழமை, என்ன காலம் என்று தலைக்குள் போகவே இல்லை. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டுவிட்டேன், அதனால்தான். கோயில் கூரைக்கு ஓடு முழுக்க அவர் தருகிறாராம். "பன்றி நல்லா இருந்தா ஓடு நல்லா இருக்கும் அக்கா."

நம் கூரை பீடத்துக்கு மேலேயே ஒழுகுகிறது. சாமி பூசையில் நகர்ந்து நகர்ந்து நிற்கிறார். ஒரு சாசேஜ்ப் பொய், ஒரு கூரை. என் பெயர் கெடுவதை ஒறுத்தலாக, ஒரு தவமாக ஒப்புக்கொடுக்கலாமே? அவமானத்தை ஏற்பதும் புண்ணியம்தானே? பொய்யைப் புண்ணியக் கணக்கில் எழுத இடமுண்டா என்று கணக்குத் தெரிந்த நானே பார்க்கிறேன்.

தாள் மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஒயினை யுரே திறந்துவிட்டார்.

மே 22, ஞாயிறு

பூசை. சாமி அப்பத்தை உயர்த்திய எழுந்தேற்றத்தின்போது என் தோளில் ஒரு சொட்டு. கூரைதான். அடையாளம் என்று நினைக்கக்கூடாது.

மே 24, செவ்வாய்

சாமி வந்தார். காப்பி குடித்தார். தாழ்ச்சியைப் பற்றிப் பேசினார். பிறகு கூரையைப் பற்றி. பிறகு மறுபடி தாழ்ச்சி. சமையல்கட்டுப் பெருமையும் ஒரு பெருமைதான் என்றார். ஸ்டாங்கோ பெயரை எடுக்கவே இல்லை, நல்ல மனிதர்.

நான் தாளை எடுத்து முன்னால் வைத்தேன். "படிங்க சாமி. நீங்க சொன்னா போடறேன்."

படித்தார். ரொம்ப நேரம் படித்தார், மூன்று வரிதான்.

"பதினெட்டு... அது..."

"வெள்ளிக்கிழமை சாமி. தவக்காலம். நீங்க அதோ அந்த நாற்காலியில உக்காந்து மூணு தட்டுச் சாப்பிட்டீங்க. இதுல நான் கையெழுத்துப் போட்டா, என் மேசையில சாசேஜ் இருந்துச்சு. சாசேஜ் இருந்த மேசையில நீங்க இருந்தீங்க. ஊர்ல எல்லாருக்கும் தெரியும், உங்க கார் ரெண்டு மணி நேரம் வாசல்ல நின்னுச்சு."

காப்பிக் கோப்பை தட்டில் டக்கென்று உட்கார்ந்தது. அதற்கு அடுத்த வெள்ளி, மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளாச்சே, பெருவிழா விழுகிற வெள்ளியில் இறைச்சி தடையில்லையே, தேதி ஒரு வாரம் தள்ளி ஞாபகம் இருக்குமோ என்றார். பாவம். பாட்டிலில் தேதியும் மணியும் போலோனா எழுதி ஒட்டியிருக்கிறாள் என்றேன்.

"ஆயர் செய்தித்தாள் படிப்பார்" என்றார் சாமி, தனக்குத்தானே. எழுந்தார். வாசலில் நின்று, "தாழ்ச்சியப் பத்திச் சொன்னேனே... அதைக் கொஞ்சம் ஒத்தி வைப்போம்" என்றார்.

ஜூன் 9, வியாழன்

மறுபடி தீயணைப்புக் கூடம். கடைசிக் கூட்டம். மேல் சட்டை மாற்றி, நீலக் கழுத்துத் துண்டு கட்டிக்கொண்டு போனேன். யுரே பக்கத்தில், கல் மாதிரி.

ஸ்டாங்கோ ஆரம்பித்தார். அறிவியலை மதிக்கிறாராம். ஆனால் அறிவியலும் சாப்பிட உட்கார்ந்தால் சாசேஜ் சாப்பிடும் இல்லையா என்றார். சிரிப்பு. "நேஷா அக்காவே சொல்லட்டும்."

எழுந்தேன். நிறையச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போனேன், மனிதமீனின் பொறுமை, சுண்ணாம்புப் பாறை, படைப்பின்மேல் நமக்குள்ள பொறுப்பு என்று. ஒன்றும் வரவில்லை.

"அது தவக்கால வெள்ளி" என்றேன். உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு தலையும் உள்ளே ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பெண்கள் முதலில் முடித்தார்கள். பிறகு எல்லாத் தலையும் சாமி பக்கம் திரும்பின. சாமி கூரையைப் பார்த்தார். தீயணைப்புக் கூடத்துக் கூரை, நல்ல கூரை. "பீன்ஸ்" என்றார். "சாட்சி சொல்றேன். பீன்ஸும் பாலாடைக்கட்டியும்."

டூஷான் எழுந்துவிட்டார். "நான் கடவுளே இல்லைன்னு சொல்றவன். ஆனா நாப்பது வருசமா எனக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை நேஷா வீட்ல செத்தாலும் ஒரு துண்டு கெடைக்காது. ஒருதரம் கேட்டுப் பாத்தேன், வெளக்கமாத்தால தொரத்தினா."

ஸ்டாங்கோ சாப்பாட்டு மேசையைப் பற்றி இன்னொன்று சொல்ல வாயெடுத்தார். அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். முதல் பெஞ்சுக்காரர், தவக்கால வெள்ளியில் பங்குச் சாமி சாசேஜ் தின்றார் என்று ஊர் நடுவில் இனி எப்படிச் சொல்வார்?

அலுவலகத்து அம்மாவுக்கு இதில் பாதி விளங்கவில்லை. போலோனாவைப் பார்த்தார். "அப்ப மேசையில பன்றி இறைச்சி இல்லன்னு பதிவு பண்ணிக்கலாமா?" பண்ணிக்கொண்டார். பன்றி பன்றிதான் என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில் யுரே ஒரே ஒரு வார்த்தை: "சோளம்."

ஜூன் 11, சனி

சாமியிடம் பாவசங்கீர்த்தனம். உண்மைக்காகவோ அந்தப் பிராணிக்காகவோ நான் பேசவில்லை, என் அடுப்படியின் பேருக்காகப் பேசினேன் என்று சொன்னேன். பரிகாரம் மிகச் சின்னதாகக் கொடுத்தார்.

ஜூலை 4, திங்கள்

சரிவில் காப்புப் பகுதிக்கு எல்லையாகச் சிவப்பு முளை அடித்துவிட்டார்கள். நம் சோளக்கொல்லை பாதி உள்ளே. கூட்டத்திலிருந்து யுரே இருபத்தைந்து நாளாக என்னிடம் உப்பு கேட்கவில்லை, தானே எழுந்து எடுத்துக்கொள்கிறார்.

நவம்பர் 20, ஞாயிறு

தேர்தல். புதுப் போர்டு: "பன்றிக் கழிவிலிருந்து ஊற்றை மீட்ட முதல் மேயர்". ஸ்டாங்கோ ஜெயித்தார். அவருடைய டேங்கர் இப்போது மலையின் அந்தப் பக்கம் போகிறது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் அடுத்த ஊராட்சிக்கு. அங்கே அவருக்கு ஓட்டு இல்லை.

கோயில் கூரைக்கு அவர் பாதி ஓடு கொடுத்தார். சாமி இப்போது பாதிதான் நகர்கிறார்.

டிசம்பர் 14, புதன்

போலோனா தொலைபேசினாள். அக்டோபரில் தன் விடுப்பில், தன் காரில் வந்து நீர் எடுத்துப் போனாளே, அதன் முடிவு. இந்த முறை சுத்தத் தண்ணீர் பாட்டிலையும் அதே இடத்தில் திறந்தாளாம்.

"அம்மா, பன்றி ரொம்பக் குறைஞ்சிருக்கு. பத்துல ஒரு பங்குதான்."

"கறுப்பு?"

"அது கூடல. இவ்வளவு சீக்கிரம் கூடாது. அதுங்க நூறு வருசம் வாழற பிராணி, அவசரமே கிடையாது."

தேவனுக்கு நன்றி என்றேன். அவள் போனை வைக்கவில்லை.

"அம்மா... மேயர் டேங்கர் நின்னுபோச்சு. சரிவுல வேற யாரும் அடிக்கறதில்ல. அப்ப அந்த மீதி ஒரு பங்கு..."

சன்னல் வழியே பார்த்தேன். நம் கொட்டில். இரண்டு பன்றி. கொட்டிலின் சாக்கடை வாய்க்கால், வைக்கோல் போருக்குப் பின்னால் வளைந்து, ஊற்றுப் பாறைக்கு மேலே இருபது அடியில் மண்ணுக்குள் போகிறது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். யாரும் பார்த்ததில்லை. நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

அன்று மேசையில் சாசேஜ் இல்லை. சத்தியம். தண்ணீரில் இருந்தது என்று ஸ்டாங்கோ சொன்னதில் ஒரு பங்கு...

எழுத முடியவில்லை.

டிசம்பர் 17, சனி

பன்றி வெட்டு. இரண்டும். சாசேஜ் நாற்பத்தாறு முழம், கொழுப்பு நாலு ஜாடி. டூஷான் உதவிக்கு வந்து ஒரு வளையம் வாங்கிப் போனார். "கெழமை பாத்துத்தான் கேட்டேன்" என்றார்.

நேற்று இரவே யுரேயிடம் போலோனா சொன்னதைச் சொல்லியிருந்தேன். இன்று எல்லாம் கழுவி முடித்தபின் பார்த்தால் மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்கிறார், கல்லும் களிமண்ணும் போட்டு அடைத்துக்கொண்டு.

"குட்டி வாங்கினா இதை எங்க விடறது?" என்றேன்.

"எந்தக் குட்டி?" என்றார்.

பிப்ரவரி 6, திங்கள், 2023

சந்தை. கோழிக்குஞ்சு ஆறு, உருளை விதை. பன்றிக்குட்டிக்காரர் யுரேயைப் பார்த்துக் கையாட்டினார். யுரேயும் ஆட்டினார். நிற்கவில்லை.

ஏப்ரல் 8, சனி

நாளை உயிர்ப்பு ஞாயிறு, ஈஸ்டர். முட்டைக்குச் சாயம் போட்டாயிற்று, குதிரைமுள்ளங்கி துருவியாயிற்று, வால்நட் ரொட்டி கொஞ்சம் வெடித்துவிட்டது. கூடையில் ஹாம் இல்லாமல் கோயிலுக்குப் போக முடியுமா? டிசம்பரில் வெட்டியதில் ஹாம் முதல் ஜாடியில் இருந்ததுவரை எல்லாம் தீர்ந்துபோனது. மேலே ஏறி ஸ்டாங்கோ வீட்டுக்குப் போனேன். இந்த வீட்டில் ஒருத்தி ஹாம் விலைக்கு வாங்குவது இதுவே முதல் முறை.

ஸ்டாங்கோ தானே வெட்டித் தந்தார். சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு ஒரு ஜெபம் கடன். மனைவி மட்டும் வாசல்வரை வந்து, "நல்லா புகை போட்டது அக்கா, எங்க வீட்டுக்குன்னு வச்சது" என்றாள்.

இறங்கி வரும்போது தூறல். ஊற்று பொங்கியிருந்தது. யுரே பாறையோரம் குந்தியிருந்தார், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து. விரல் காட்டினார். பாறைக்கு வெளியே ஒரு கறுப்புத் தலை, பக்கத்தில் இன்னொன்றின் வால். நெடுநேரம் அசையவே இல்லை. நாங்களும்தான்.

கூடையில் வைக்குமுன் ஹாமில் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டி முகர்ந்து பார்த்தேன். இன்று தின்னக் கூடாது, நாளைதான். நல்ல வாசனை. என்னுடையதைவிட நன்றாக இருக்கும்போலிருக்கிறது. யுரேயிடம் சொல்லவில்லை.